அடுப்படி அமைதி

மார்ச் 4

நாத்தனாருக்கு அண்ணி எழுதுவது.

இங்கே நான் இருக்கிறேன். கால் வீக்கம் வடிந்துவிட்டது. உன் இடுப்பு வலி எப்படி? உன் வீட்டுக்காரருக்கு இருமல் நின்றதா?

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் உன் குரல் அப்படியே உன் அண்ணன் குரலாக இருக்கிறது. இரண்டு வார்த்தைக்கு மேல் காதில் வைக்க முடியவில்லை. தப்பாக நினைக்காதே. ஐந்தாம் வகுப்புக் கையெழுத்து, பொறுமையாகப் படி.

அவர் போய் மூன்று மாதம் ஆகிறது. நேற்றுத்தான் நான் பட்டறைக்குள் நுழைந்தேன். அவர் சரிசெய்து வைத்திருந்த, மரம் அறுக்கிற பழைய ரம்ப மெஷின்களை எல்லாம் காரியம் முடிந்ததுமே கொடுத்தவர்கள் வந்து எடுத்துப் போய்விட்டார்கள். மேசை மேல் ஒன்றுதான் பாக்கி. அந்தப் பெரிய சிவப்பு. நீங்கள் இரண்டு பேரும் பழைய இரும்புக் கடையில் எடுத்துவந்தது. மூன்றாவது முறையாகப் பிரித்துப் போட்டிருக்கிறார். நட்டுகளை ஒரு டப்பா மூடியில் வரிசையாக வைத்திருக்கிறார். அந்த மூடியை நான் போன வருஷம் முழுக்கத் தேடினேன். கேட்டதற்கு "நான் எதுக்குடி உன் மூடியைத் தொடறேன்"னு சொன்ன மனுஷன்.

அந்தச் சிவப்பு ரம்பத்தை நான் ஓடவைக்கப் போகிறேன். சிரிக்காதே. உனக்கு இந்த வேலை தெரியும், எனக்குத் தெரியாது. எங்கே ஆரம்பிப்பது என்று எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். அண்ணி.

மார்ச் 15

அண்ணிக்கு,

உங்கள் கால் வடிந்தது கேட்டு நிம்மதி. இங்கே என் இடுப்பு அப்படியேதான். நாள் முழுக்கக் கம்பெனியில் நின்று சட்டை இஸ்திரி போட்டால் இடுப்பு என்ன செய்யும்? அவருக்கு இருமல் நின்று தும்மல் ஆரம்பித்திருக்கிறது.

நான் சிரிக்கவில்லை அண்ணி. ஆனால் அந்த ரம்பம் உங்களுக்கு வேண்டாம். அது பதினோரு கிலோ. கையை உதறிவிடும். அதை எனக்கு அனுப்பிவிடுங்கள். இரும்புக் கடையில் குப்பைக்கு அடியில் முதலில் அதன் கைப்பிடியைப் பார்த்தவள் நான்தான். அண்ணன் "இது செத்த பொணம், விடு"ன்னான். நான்தான் விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, அவன் திருகைத் திருப்ப, நான் பக்கத்தில் நின்று சத்தத்தைக் கேட்டு "இன்னும், இன்னும், போதும்" என்று சொன்னேன். அப்படித்தான் அது உயிர் பெற்றது. அதனால் அது பாதி என்னுடையது.

இன்னொன்று. அண்ணனிடம் பச்சை அட்டை போட்ட தடி நோட்டு ஒன்று இருந்தது. ஒவ்வொரு மெஷினுக்கும் அளவு எழுதி வைப்பான். அது கிடைத்ததா?

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.
உங்கள் நாத்தனார்.

மார்ச் 24

நாத்தனாருக்கு,

கடிதம் வந்தது. நான் சுகம். தும்மலுக்கு ஆவி பிடிக்கச் சொல்.

ரம்பத்தை அனுப்புகிற மாதிரி இல்லை. பாதி உன்னுடையது என்றாய். சரி. பாதி மெஷினை எப்படி அனுப்புவது? பட்டையை அனுப்பட்டுமா, செயினை அனுப்பட்டுமா?

இதுவரை செய்ததைச் சொல்கிறேன். பெட்ரோல் போகிற குழாய் கல்லாகியிருந்தது, புதிது மாற்றினேன். கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் காய்ந்து பிசின் மாதிரி ஒட்டிக் கிடந்தது. பல் தேய்க்கிற பிரஷ் வைத்துத் தேய்த்து, ஓட்டைகளை வாயால் ஊதினேன். இரண்டு நாள் எந்தச் சாப்பாட்டிலும் பெட்ரோல் ருசி. உள்ளே இருக்கிற மெல்லிய ரப்பர் தகடு விறைத்துப்போயிருந்தது. அதையும் மாற்றினேன். செயின் பல்லை ஒவ்வொன்றாக அரம் போட்டேன். தொப்பிக்காரரைத் தெரியும்தானே, மரம் வெட்ட மெஷின் எடுத்துப் போகிறவர், அவர் வந்து இறுகின நட்டுகளை மட்டும் கழற்றிக் கொடுத்தார். "அவர் இருந்திருந்தா உங்களை இதைத் தொட விடுவாராம்மா?" என்றார். "இருந்திருந்தா நான் ஏன் தொடறேன்?" என்றேன்.

இப்போது முழு ஓட்டத்தில் பெட்ரோலை விடுகிற திருகை ஒன்றேகால் சுற்று திறந்து வைத்திருக்கிறேன். அதற்குப் பிறகு என்ன செய்ய வேண்டும்? அதை மட்டும் எழுது.

அண்ணி.

ஏப்ரல் 20

அண்ணிக்கு,

நலம்தானே? இங்கும் அப்படியே.

உங்கள் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மூன்று வாரம் யோசித்தேன். ஒன்றேகால் என்று உங்களுக்கு யார் சொன்னது? தொப்பிக்காரருக்கு அது தெரியாது. மற்ற மெஷினுக்கெல்லாம் ஒரு சுற்று. இந்தச் சிவப்புக்கு மட்டும்தான் ஒன்றேகால். அது தெரிந்தது மூன்று பேருக்கு. அண்ணன், நான், பச்சை நோட்டு. அண்ணன் சொல்லியிருக்க மாட்டான். பட்டறைக்குள்ளே நடப்பதை அவன் உங்களிடம் சொல்லி நான் பார்த்ததே இல்லை.

நோட்டு உங்களிடம் இருக்கிறது. கேட்டேன், நீங்கள் பதிலே எழுதவில்லை. இருக்கட்டும்.

கேட்டதைச் சொல்கிறேன். மெஷினைச் சூடாக்கி, விசையை முழுக்க அழுத்திப் பிடியுங்கள். திருகைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே திருப்புங்கள். முதலில் கரகரப்பாக இருக்கும். திருப்பத் திருப்பச் சத்தம் சுத்தமாகி மேலே ஏறும். இதற்கு மேல் ஏறாது என்று எங்கே தோன்றுகிறதோ அங்கே நிறுத்துங்கள். அவ்வளவுதான்.

நாத்தனார்.

ஏப்ரல் 29

நாத்தனாருக்கு,

ஆமாம், நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. முதல் நாளே கிடைத்தது. உன்னிடம் சொல்ல மனசு வரவில்லை. ஏன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன், எனக்கும் பாரம் குறையும்.

எழுத்துக் கூட்டி முழுக்கப் படித்தேன். பக்கத்துக்குப் பக்கம் வண்டு. "வண்டு சொன்ன அளவு." "பிறகு வண்டு." "வண்டு சரி என்றாள்." சின்ன வயதில் நீ மெஷின் மாதிரியே வாயால் சத்தம் போடுவாயாம், அதனால் வைத்த பேராம். எனக்கு அவர் ஒரு பேரும் வைக்கவில்லை. "ஏய்" என்பார், இல்லாவிட்டால் "இங்கே பாரு" என்பார். கல்யாணமாகி வந்த முதல் ஆறு வருஷம் அந்தப் பட்டறைக்குள் நீங்கள் இரண்டு பேரும் சிரிப்பீர்கள். சுவருக்கு இந்தப் பக்கம் அடுப்படியில் நான் நிற்பேன். என்ன சிரிப்பு என்று கேட்டால் "ஒண்ணுமில்ல அண்ணி"ன்னு நீ சொல்வாய். அந்த "ஒண்ணுமில்ல" எத்தனை தடவை என்று என்னைக் கேள், சொல்கிறேன்.

நீ கல்யாணமாகிப் போன பிறகு நோட்டில் வண்டு இல்லை. சரி, இனி நான் வருவேன் என்று பக்கத்தைத் திருப்பினேன். வந்தேன். எப்படி வந்தேன் தெரியுமா? ஒவ்வொரு மெஷினுக்கும் கீழே "அடுப்படி அமைதி" என்று எழுதியிருக்கிறார். நான் வாயை மூடிய நாளை எல்லாம் குறித்து வைத்திருக்கிறார் மனுஷன். பதினாறு வருஷமாக. உனக்குப் பாராட்டு, எனக்கு இது.

ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னபடி ஓட்டப் போகிறேன்.

வெயில் ஏறுகிறது, தண்ணீர் நிறையக் குடி.
அண்ணி.

மே 6

நாத்தனாருக்கு,

சுகம் எல்லாம் பிறகு கேட்கிறேன்.

ஞாயிறு காலை பெட்ரோலில் ஆயில் கலந்து ஊற்றினேன். காலால் மெஷினை மிதித்துக்கொண்டு கயிற்றைச் சுண்டினேன். பதினோரு தடவை ஒன்றுமில்லை. பன்னிரண்டாவதில் இருமியது. பதின்மூன்றில் பிடித்துக்கொண்டது. புகையும் அதிர்வுமாக அது என் கையில் துடித்தபோது நான் அழுதுவிட்டேன். வெட்கம் இல்லாமல் எழுதுகிறேன்.

நீ எழுதினதை ஆணியில் குத்தி எதிரிலேயே மாட்டி வைத்திருந்தேன். தொப்பிக்காரர் விசையைப் பிடித்துக்கொள்ள, நான் திருகைத் திருப்பினேன். கரகரப்பு போனது. சத்தம் சுத்தமாகி ஏறியது, இன்னும் ஏறியது. எனக்குத் தலை விண்ணென்று தெறித்தது. அவர் இருந்தபோது இந்தச் சத்தம் வந்தால் நான் அடுப்படியிலிருந்தே கத்துவேன், "அதைக் கொஞ்சம் அடக்குங்க, மண்டை பொளக்குது"ன்னு. பழக்கத்தில் அன்றைக்கும் வாயைத் திறந்தேன். அப்புறம், வேலை தெரிந்தவள் எழுதியிருக்கிறாள், எனக்கு என்ன தெரியும் என்று மூடிக்கொண்டேன். தொப்பிக்காரர் என்னவோ கத்தினார். அந்த இரைச்சலில் கேட்கவில்லை. ஆணியில் இருந்த உன் கடிதத்தைக் கையால் காட்டினேன். உச்சத்தில் விட்டேன்.

முற்றத்தில் கிடந்த கட்டையில் வைத்தோம். வெண்ணெயில் கத்தி போல இறங்கியது. இரண்டு துண்டு. மூன்றாவது துண்டு பாதியில் கீச்சென்று ஒரு சத்தம், அப்படியே நின்றுவிட்டது. கயிறு அசையவே இல்லை.

தொப்பிக்காரர் பிரித்துப் பார்த்தார். பிஸ்டன் பக்கவாட்டில் பூனை பிறாண்டினது போல் கோடு கோடாக. "யாரும்மா உங்களை இந்தச் சத்தத்துல விடச் சொன்னது? கத்தினேனே! உச்சத்துக்குப் போயிட்டு கால் சுத்து பின்னாடி வரணும்மா. இல்லாட்டி பெட்ரோலும் பத்தாது, ஆயிலும் பத்தாது, உள்ளே எரிஞ்சு பிடிச்சுக்கும். இந்த வேலையில முதல் பாடமே அதுதான்" என்றார்.

முதல் பாடம் உனக்கு மறந்துபோகுமா?

அண்ணி.

மே 30

மூன்று வாரமாகப் பதில் இல்லை. பதில் இல்லாததே பதில் என்று எடுத்துக்கொண்டேன். ரம்பத்தைச் சாக்கில் சுற்றிக் கட்டிவிட்டேன். அவர் கடைசியாகத் தொட்ட சாமான் அது. நீ என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

அண்ணி.

ஜூன் 19

அண்ணிக்கு,

நலமா என்று கேட்கும் முகம் எனக்கு இல்லை.

மறக்கவில்லை. அந்தக் கால் சுற்றை வேண்டுமென்றேதான் எழுதாமல் விட்டேன். மெஷின் கெட வேண்டும் என்று நினைக்கவில்லை, நம்புங்கள். ஓடாது, தடுமாறும், நீங்கள் சலித்துப்போய் எனக்கு அனுப்பிவிடுவீர்கள் என்று நினைத்தேன். அதாவது, அப்படி நினைத்தேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உச்சத்தில் விட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? தபாலில் போட்ட பிறகும் நாள் இருந்தது. போன் போட்டுத் தடுத்திருக்கலாம். போடவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

இன்னொன்றை அதைவிட நாளாக மறைத்து வைத்திருக்கிறேன். எட்டு வருஷம் முன்னால் அண்ணனுக்கு எழுதினேன், "நான் இல்லாமல் எப்படி ட்யூன் செய்கிறாய்?" என்று. முடியவில்லை, உன் காது இல்லாமல் கஷ்டமாக இருக்கிறது என்று அவன் எழுதுவான் என ஆசை. அவன் எழுதியது இது. அவன் எழுத்தை அப்படியே எடுத்து எழுதுகிறேன்:

"அதுக்கென்ன வண்டு, உன் அண்ணி இருக்காளே. திருகை உள்ளே திருப்பிக்கிட்டே போவேன். சரியா உச்சத்துல அடுப்படியிலேர்ந்து திட்டு வரும். உடனே பின்னாடி திருப்ப ஆரம்பிப்பேன். எங்கே அவ திட்டை நிறுத்துறாளோ அங்கே நிறுத்திடுவேன். அடுப்படி அமைதியானா மெஷின் சரி. உன்னைவிட இவ காது கெட்டி. ஒரு தடவைகூட தப்பினதில்லை. அவகிட்ட சொல்லிடாதே, சொன்னா திட்ட யோசிப்பா."

அவன் குறித்து வைத்தது நீங்கள் வாயை மூடிய நாளை அல்ல அண்ணி. அளவை.

அந்தக் கடிதத்துக்கு நான் ஒரு வருஷம் பதில் போடவில்லை. "உன்னைவிட" என்று எழுதிவிட்டானே. நீங்கள் அடுப்படி அமைதியைப் பற்றி எழுதினபோதே இதை நான் சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கடிதத்தை எடுத்துப் படித்தேன், மறுபடி பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

இங்கே பழைய சாமான் கடைத் தெருவில் நான்கு ஞாயிறு அலைந்து அதே அளவில் ஒரு பிஸ்டன் பிடித்தேன். வளையம், கிளிப்போடு பார்சலில் வருகிறது. பிஸ்டன் ஓடுகிற உருளைக்குள் ஒட்டியிருக்கிற அலுமினியத்தைக் கழிவறை கழுவும் ஆசிட்டைப் பஞ்சில் தொட்டு எடுக்க வேண்டும். கையில் உறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். நுரை நின்றதும் தண்ணீரில் நன்றாகக் கழுவி, நைசான உப்புத்தாள் போடுங்கள். இந்தத் தடவை எதையும் விடவில்லை. சந்தேகம் இருந்தால் தொப்பிக்காரரிடம் படித்துக் காட்டுங்கள்.

அண்ணன் கடிதத்தை மட்டும் அனுப்ப மாட்டேன். கேட்காதீர்கள்.

வண்டு.

ஜூலை 11

நாத்தனாருக்கு,

உன் கடிதத்தைத் தொப்பிக்காரரிடம் படித்துக் காட்டினேன். ஆசிட் பற்றினதை மட்டும். "சரியாத்தான் இருக்கு" என்றார்.

உன் மேல் இருக்கிற கோபம் போகவில்லை. போனதும் எழுதுகிறேன்.

அடிப்பிடித்த பாத்திரம் தேய்த்தே வயதானவளுக்கு உருளை தேய்க்கச் சொல்லித்தர வேண்டுமா? இரண்டு நாளில் கண்ணாடி ஆக்கினேன். பிஸ்டன் கிளிப் ஒன்று கையிலிருந்து தெறித்து ஓடிவிட்டது. அரை நாள் தரையில் ஊர்ந்தேன். என் ஜாக்கெட் மடிப்பிலேயே இருந்தது. அவர் பார்த்திருந்தால் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்பார்.

நேற்று ஓட்டினோம். தொப்பிக்காரரிடம் திருப்புளியைக் கொடுத்துவிட்டு நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். "எங்கேம்மா போறீங்க, ட்யூன் பண்ண வேணாமா?" என்றார். "அதுக்குத்தான் போறேன்" என்றேன்.

பருப்புக்கு உலை வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் பார்க்காமல் நின்றேன். சத்தம் ஏறியது. ஏறி ஏறி மண்டைக்குள் போனது. நான் கத்தினேன் பார், "அடக்குங்கய்யா அதை! மனுஷி இருக்கிற வீடா இது, மில்லா?" தெருவில் போனவர்கள் நின்று பார்த்திருப்பார்கள். ஏழு மாதமாக யாரையும் திட்டாத வாய். சத்தம் இறங்கியது. "இன்னும்!" என்றேன். இன்னும் இறங்கியது. அப்புறம் ஒரு இடத்தில் அந்தக் கரகரப்பு லேசாக எட்டிப் பார்த்தது. தலைவலி நின்றது. அடுத்த திட்டுக்கு வாயைத் திறந்தேன், வரவில்லை. திட்டுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

உலை கொதித்துக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. எத்தனை ஆயிரம் தடவை இந்த இடத்தில் இப்படி வாயை மூடியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் ஒருத்தர் அதைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

கட்டையில் வைத்துப் பதினெட்டுத் துண்டு அறுத்தோம். மெஷின் மேல் கை வைத்துப் பார்த்தேன், சூடு அளவாகத்தான் இருந்தது.

பார்சலுக்கு நன்றி. இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.
அண்ணி.

ஜூலை 22

அண்ணிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். அங்கேயும் இருக்கும், பதினெட்டுத் துண்டு அறுத்தவருக்கு என்ன குறை.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு இஸ்திரிப் பெட்டியை ஒரு சட்டை மேல் வைத்துக்கொண்டே நின்று, காலர் கருகிவிட்டது. சூப்பர்வைசர், "என்னம்மா, கனவா?" என்றார். உங்களைப் போல எனக்கும் ஒரு சுவர் நடுவில் இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்திலேயே நின்றவள் நான். நான் சொன்னதை அவன் காது கொடுத்துக் கேட்டதெல்லாம் பட்டறைக்குள்தான். வீட்டுக்குள் வந்தால் அவன் கண் உங்களைத் தேடும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் "ஒண்ணுமில்ல அண்ணி" என்று சொல்லப் பழகினேன். அது ஒன்றாவது என்னிடம் இருக்கட்டுமே என்று.

ரம்பம் உங்களிடமே இருக்கட்டும். நோட்டை மட்டும் தருவீர்களா? படித்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிடுவேன் என்று பொய் சொல்ல மாட்டேன்.

வண்டு.

ஆகஸ்ட் 3

வண்டுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். காலரைக் கருக்காதே, வேலை போய்விடும்.

ஞாயிறு காலை பத்து மணிக்குப் போன் போடு. நீ பேசாதே, நானும் பேச மாட்டேன். ரம்பத்தை ஓடவிட்டுப் போனைப் பக்கத்தில் வைக்கிறேன். கேட்டுவிட்டு வைத்துவிடு. ட்யூன் சரியில்லை என்று மட்டும் எழுதிவிடாதே, நிஜமாகவே சண்டை வரும்.

நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். பார்சலைப் பிரித்ததும் ஏன் இவ்வளவு மெலிதாக இருக்கிறது என்று பார்ப்பாய். தபாலில் ஒன்றும் தொலையவில்லை. தையலைப் பிரித்து இரண்டாக்கிவிட்டேன். வண்டு இருக்கிற முப்பத்திரண்டு பக்கமும் உனக்கு. அடுப்படி இருக்கிற நாற்பத்தொரு பக்கமும் எனக்கு. எண்ணிப் பார்த்தேன், என்னுடையதுதான் அதிகம்.

நடுவில் ஒரு பக்கம் தகராறு செய்கிறது. நீ கல்யாணமாகிப் போன மாதத்தில் எழுதினது. மேல் வரியில் "வண்டு இல்லை" என்று இருக்கிறது. வேறு ஒன்றும் இல்லை, அளவுகூட எழுதவில்லை. பாதிப் பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறார். அதற்குக் கீழே, வேறு மையில், "அடுப்படி அமைதி."

கிழித்தால் இரண்டு வரியும் கெட்டுவிடும். அதனால் அதை இங்கேயே டப்பா மூடியில் வைத்திருக்கிறேன். பார்க்க வேண்டுமானால் நீதான் வர வேண்டும். வரும்போது அவர் கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து வா. நான் பிடுங்க மாட்டேன். நீ கையில் பிடித்துக்கொண்டே காட்டு, போதும்.

அண்ணி.